சாசர் இல்லாத ஆணையம்

நாட்டில் புதிய மாநிலங்களை உண்டாக்கலாமா, உண்டாக்கினால் நாடு உடைந்துபோகுமா என்று ஆராய்ந்து சொல்ல ஓர் ஆணையத்தை அமைத்து, அதற்கு ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார்கள். அந்த ஆறு மாதம் இப்போது பன்னிரண்டாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. ஆணையத்தில் ஏழு உறுப்பினர்கள். மூன்று பேர் பிரித்தே தீர வேண்டும் என்பவர்கள், மூன்று பேர் பிரிக்கவே கூடாது என்பவர்கள். ஏழாமவர் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டு தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எழுதியே நாற்பது வருடம் ஓட்டியவர். இந்த ஏழு பேருக்கும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் டீ கொண்டுபோய்க் கொடுப்பது பியூனின் வேலை. பன்னிரண்டு வருடத்தில் அங்கே ஒருநாளும் தவறாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பியூனுக்கு ஐம்பத்தாறு வயது. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். பிரிக்கக் கூடாது என்பவர்களுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும், பிரிக்க வேண்டும் என்பவர்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரையே ஆகாது, தலைவருக்கு விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும். நாட்டுப் பிரச்சினையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆணையத்தின் உயிர்நாடி வரைபட அறை. நான்கு கட்டிலை ஒட்டிப் போட்ட அகலத்துக்கு ஒரு மேஜை, அதன்மேல் நாட்டின் வரைபடம், மூலைக்கு ஒரு அரக்கு முத்திரை. உறுப்பினர்கள் தினமும் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பேனாவோ பென்சிலோ யாரும் எடுக்கக் கூடாது. முதல் வருடம் ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் சாப்பாட்டு நேரத்தில் அழிப்பதும், அழித்த இடத்தில் மூன்றாமவர் வேறு கோடு போடுவதுமாகக் குழாயடிச் சண்டையாகிவிட்டதால், விதி பதினான்கு என்று ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முத்திரையிட்ட வரைபடத்தில் காணப்படும் எந்தக் குறியும் ஆணையத்தின் குறியாகவே கொள்ளப்படும், அதை அழிப்பது குற்றம், ஒரு குறியின்மேல் இன்னொரு குறி விழுந்தால் பின்னால் விழுந்ததே செல்லும். இந்த விதி வந்த பிறகு எவருக்கும் கோடு போடத் துணிச்சல் வரவில்லை. அதனால் ஒழுங்கும் கட்டுப்பாடும் நிலவின.

சாசர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் ஏழு சாசர் இருந்தன. நான்காம் வருடம் தேசிய ஒற்றுமை பற்றிய விவாதத்தில் நான்கு சாசர் உடைந்தன. மிச்சம் மூன்றும் சமரசப் பேச்சில் உடைந்தன. புதிதாக ஏழு சாசர் வேண்டும் என்று பியூன் எழுதிக் கொடுத்தார். சாசர் என்பது பாத்திரமா, தளவாடமா என்று கிடங்குப் பிரிவு விளக்கம் கேட்டது. அந்த விளக்கம் எட்டு வருடமாக மேஜை மேஜையாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதுவரை பியூன் பழைய செய்தித்தாளை நான்காக மடித்து வரைபடத்தின்மேல் வைத்து, அதன்மேல் கிளாஸை வைப்பார்.

அன்று காலை அந்தச் செய்தித்தாள் வரலாற்று உறுப்பினர் கையில் இருந்தது. தலைவர் நாற்காலியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் இடைக்கால அறிக்கையின் நாற்பத்து மூன்றாவது தொகுதி உட்கார்ந்திருந்தது. கிளாஸின் சூடு விரலைச் சுட்டது. ஒரு நிமிடம்தானே என்று பியூன் கிளாஸை வெறும் வரைபடத்தின்மேல் வைத்துவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் கிளாஸை விட்டார்.

தலைவர் கண்விழித்து டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை எடுத்த இடத்தில் ஒரு வளையம். பழுப்பு நிறத்தில், அழகாக, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கடுகளவு விட்டுப்போய். பக்கத்தில் ஒரு சொட்டு. பியூன் பதறித் தோளில் கிடந்த துணியை எடுத்துக் குனிந்தார். வாசலில் ஆணையத்தின் செயலாளர் நின்றிருந்தார்.

"யோவ், தொடாதே."

"டீ கொட்டிருச்சுங்க ஐயா. ஈரமாத்தான் இருக்கு, ஒரு இழுப்புல போயிரும்."

"விதி பதினாலு தெரியுமா உனக்கு? வரைபடத்துல ஒரு குறி இருக்கு. அது என்ன குறின்னு நீ சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது." செயலாளர் தலைவர் பக்கம் திரும்பி இடுப்பை வளைத்தார். "ஐயா, இது தாங்கள் போட்டதுங்களா?"

தான் தூங்கினோமா, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பது தலைவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையிலும் அவர் இல்லை. வளையத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"யோசிக்காம போடுவேனா?" என்றார்.

மாலைக் குறிப்பேட்டில், தலைவர் அவர்கள் நெடுநேரம் கண்மூடிச் சிந்தித்து, பன்னிரண்டு ஆண்டு ஆய்வின் சாரமாகப் புதிய மாநிலம் ஒன்றின் எல்லையை வகுத்தருளினார் என்று எழுதப்பட்டது. பியூன் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாளைக்கு யாராவது சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார்.

மறுநாள் சிரிப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. பிரிக்க வேண்டும் என்று சொன்ன மூவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். வரலாற்று உறுப்பினர் எழுந்து நின்று ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"இந்த வளையத்துக்கு உள்ளே இருக்கற மக்கள் ஆதிகாலத்துலேர்ந்தே ஒரே இனம். வெளியே இருக்கறவங்க எல்லாக் காலத்துலயும் வெளியேதான் இருந்திருக்காங்க. ஆதாரம் எங்கேன்னு கேப்பீங்க. ஒரு கல்வெட்டு கிடையாது, ஒரு ஓலை கிடையாது. அதுதான் ஆதாரம். அவ்வளவு ஒத்துமையா வாழ்ந்தவங்களுக்கு அதைக் கல்லுல வெட்டி வச்சுக்க வேண்டிய அவசியமே வரல."

பொருளாதார உறுப்பினர் அடுத்துப் பேசினார். "வட்டத்துக்கு மூலை கிடையாது. மூலையே இல்லாத மாநிலத்துல ஒரு மூலைல கிடக்கற பின்தங்கிய பகுதின்னு ஒண்ணு எப்படி வரும்? வறுமையை இதைவிடச் சுலபமா ஒழிக்க முடியாது."

பிரிக்கவே கூடாது என்ற மூவரும் எதிர்ப்பார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்கள் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, கடுகளவு விட்டுப்போன இடத்தைப் பார்த்தார்கள். தரையில் அது ஒரு கிலோமீட்டர். "கோடு மூடல. அப்படின்னா நாடு பிரியல. இது ஒற்றுமைக்கு விட்ட வாசல்" என்று அறிவித்து, தங்கள் கொள்கை வென்றுவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தில் விழுந்த சொட்டு, தலைநகரின் நேரடிப் பார்வையில் இருக்கும் தனிப் பகுதி ஆனது. அதற்குள் ஒரு குட்டையும் இரண்டு செங்கல் சூளையும் இருந்தன.

பத்திரிகைகளில் வளையத்தின் படம் வந்தது. வந்த மூன்றாம் நாள், பதவி போய்ச் சும்மா இருந்த ஒரு முன்னாள் அமைச்சர் வட்ட மாநில மீட்பு இயக்கத்தைத் தொடங்கினார். ஐந்தாம் நாள் அவர் உண்ணாவிரதம் இருந்தார். தருகிறோம் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே என்று நிருபர்கள் கேட்டதற்கு, போராடாமல் பெற்றதாக வரலாறு பேசக் கூடாது என்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி தயாராக இருந்தார், ஊர்தான் அவசரமாக இரண்டுபட வேண்டியிருந்தது.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று பியூன் ஒதுங்கியிருந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

மகள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்பது மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை அரசு பஸ் டிரைவர். தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில் குடியிருந்தார்கள். வீடும் பஸ் டிப்போவும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், நடுவில் பாலம். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகைப் படத்தை விரித்தாள். வளையத்தின் பழுப்புக் கோடு சரியாக ஆற்றின்மேல் போயிருந்தது.

"ஆஸ்பத்திரி அந்த மாநிலமாம்பா. அங்க வேலை பாக்கறவங்க அங்கதான் குடியிருக்கணுமாம். எனக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கிட்டாங்க. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிக்குள்ள போயாகணும்."

"மாப்பிள்ளை?"

"டிப்போ இந்தப் பக்கம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "எங்களுக்கும் அதே உத்தரவு, இந்தப் பக்கமே இருக்கணும்னு. மாற்றல் கேட்டேன். வேற மாநிலத்துக்கு மாற்றல் குடுக்க முடியாது, வேலையை விட்டுட்டு அங்க புதுசா விண்ணப்பம் போடுங்கறாங்க. பஸ் இனிமே பாலத்து நடுவுல நிக்கும். ஆளுங்க இறங்கி அந்தப் பக்க பஸ்ஸைப் பிடிக்கணும். நான் பாலத்துலயே ரிவர்ஸ் எடுத்துத் திரும்பணும்."

"பிள்ளை பொறந்தா?"

"பாலத்துலேர்ந்து கையாட்டலாம்" என்றாள் மகள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பியூனின் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். மகள் அழுவதைப் பார்த்ததும் அவளுக்கு நிதானம் போய்விட்டது. "எந்தப் படுபாவி போட்டானோ இந்தக் கோட்டை. அவன் கை விளங்காமப் போக. ஏங்க, நீங்க அங்கதானே வேலை பாக்கறீங்க? யாருன்னு தெரியாதா உங்களுக்கு?"

பியூன் தன் வலது கையைப் பார்த்தார். அதை மெதுவாக மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

திங்கட்கிழமை காலையில் செயலாளரிடம் போய், நடந்ததைச் சொல்லிவிட்டார். செயலாளர் கேட்டுக்கொண்டார்.

"ஊழியனா நீ இதைச் சொல்லக் கூடாது. ஆணையத்தோட ரகசியத்தை வெளியிட்ட குற்றம் ஆயிடும். பொதுமக்கள்ல ஒருத்தனா வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டத்துல வந்து சொல்லு. அரை நாள் லீவு போட்டுட்டு வா."

"டீ யார் குடுப்பாங்க ஐயா?"

"லீவுக்கு முன்னாடி குடுத்துட்டு வா."

வியாழக்கிழமை பியூன் உள்ளே ஏழு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, பின்வாசலால் வெளியே வந்து, முன்வாசலில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு. கூப்பிட்டபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மேடையில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம் தினமும் இரண்டு வேளை பார்த்த முகத்தை அவர்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கையில் தட்டு இல்லாமல் அவரை அவர்கள் பார்த்ததே கிடையாது.

"ஐயா, அது டீங்க" என்றார் பியூன். "கிளாஸை நான்தான் வச்சேன். அடியில ஈரமா இருந்துச்சு. சாசர் இல்லைங்க."

முன்வரிசையில் இருந்த முன்னாள் அமைச்சர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மூணு தலைமுறையா நாங்க சிந்தின ரத்தத்தைப் பாத்து டீங்கறாரு இந்தப் பெரிய மனுஷர்." அவருடைய இயக்கத்துக்கு அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. "இந்த வளையத்துல ஒரு புள்ளியைத் தொட்டாலும் நாடு தாங்காது. நாங்க பிரிவினைவாதிங்க இல்ல. பிரிக்கலேன்னா பிரிஞ்சு போயிடுவோம்னுதான் சொல்றோம்."

கைதட்டல் அடங்கியதும் தலைவர் தீர்ப்புச் சொன்னார். நாற்பது வருடப் பழக்கம், வார்த்தைகள் வரிசையாக வந்தன. "இவர் சொல்ற மாதிரி அது டீன்னு வச்சுக்குவோம். அப்ப கிளாஸை வச்சது எனக்குத் தெரியலேன்னு ஆகுது. தெரியலேன்னா நான் தூங்கிட்டேன்னு ஆகுது. நான் பணி நேரத்துல தூங்கறவன் இல்ல. இது நாடறிஞ்ச விஷயம். ஆகவே அது டீ இல்ல."

மறுநாள் பியூனுக்கு மெமோ வந்தது. ஆணையத்தின் சிந்தனையைப் பானம் என்று குறிப்பிட்டதற்காக உம்மை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். பணிநீக்கம் செய்யவில்லை. ஏழு பேரின் சர்க்கரை அளவும் வேறு யாருக்கும் தெரியாது.

உண்மையைச் சொல்லிக் காரியம் ஆகவில்லை. இனி விதிப்படிதான் போக வேண்டும் என்று பியூன் முடிவுசெய்தார். பன்னிரண்டு வருடமாகத் தலைக்கு நேரே மாட்டியிருந்த விதி பதினான்கை அன்றுதான் நிறுத்தி நிதானமாகக் கடைசி வரி வரை படித்தார். பின்னால் விழுந்த குறியே செல்லும்.

தலைவரின் கிளாஸைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வரைபட அறையில் விரலால் அளந்து மனதில் வாங்கிவந்த தூரங்களைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புள்ளிகளாக வைத்தார். மகள் வீடு, ஆஸ்பத்திரி, டிப்போ. கிளாஸை நனைத்து வைத்துப் பார்த்தார். ஈரம் குறைந்தால் கோடு விட்டுப்போகிறது, கூடினால் வழிகிறது. இருபது எண்ணும் வரை அசையாமல் அழுத்தினால்தான் வளையம் முழுசாக விழுகிறது. சனி, ஞாயிறு இரண்டு பகலும் இதே வேலையாக இருந்தார்.

"என்னங்க சின்னப் பிள்ளையாட்டம்" என்று மனைவி கேட்டாள்.

"ஆபீஸ் வேலை."

மூன்று புள்ளியும் வளையத்துக்குள் வந்துவிட்டன. பிறகுதான் நான்காவது ஒரு புள்ளியை, தன் வீட்டை, அவர் வைத்துப் பார்த்தார். அது வெளியே விழுந்தது. கிளாஸை இப்படி நகர்த்தினால் வீடு உள்ளே வரும், ஆஸ்பத்திரி வெளியே போகும். அப்படி நகர்த்தினால் டிப்போ போகும். டீ கிளாஸுக்கு ஒரே அளவுதான். எத்தனை தரம் வைத்துப் பார்த்தாலும் நான்கில் ஒன்று வெளியே நின்றது. பியூன் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் பார்க்காததா, போகிற வயசு, அதுகள் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தலைவர் ஆழ்ந்த சிந்தனையில் இறங்கும் வரை காத்திருந்தார். கிளாஸை விளிம்பு வழிய நிரப்பி, குறித்துவைத்த இடத்தில் வைத்து, ஒரு விரலால் அழுத்தி இருபது எண்ணினார். அவர் செய்த காரியங்களிலேயே அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. எடுத்தபோது வளையம் முழுசாக இருந்தது. சொட்டு இல்லை. கடுகளவுகூட எங்கும் விட்டுப்போகவில்லை.

பிறகு செயலாளரைக் கூப்பிட்டு, "ஐயா, இங்க ஒரு குறி இருக்குங்க" என்று அவரே சொன்னார்.

தலைவர் விழித்துப் பார்த்தார். "ஒரு வாரமாவே மனசுல உறுத்திட்டிருந்துச்சு" என்றார்.

அன்று மதியம் மற்ற ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞானம் பிறந்தது. சர்க்கரை ஆகாதவர்கள்கூட டீ கேட்டார்கள், விளிம்பு வரை. செய்தித்தாள் வேண்டாம் என்றார்கள். வரலாற்று உறுப்பினர் தன் மாமனார் ஊர் மேலே கிளாஸை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பொருளாதார உறுப்பினர் ஒரே டீயை மூன்று இடத்தில் வைத்து வைத்துக் குடித்தார். பிரிக்கக் கூடாது என்ற மூவரில் மூத்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "என் எதிர்ப்பைப் பதிவு பண்றேன்" என்று கிளாஸைக் கடலின்மேல் வைத்தார். அதுவும் மாநிலமானது. மக்களே இல்லாததால் அங்கே நிர்வாகம் சிக்கலில்லாமல் நடக்கும் என்று, முதல் ஆளுநரை அதற்குத்தான் நியமித்தார்கள். அந்த வாரம் பியூன் பால் வாங்கக் கடைக்கு எட்டு தரம் ஓடினார். ஒவ்வொரு தரம் தட்டைக் கொண்டுவந்தபோதும், மடித்த செய்தித்தாளை ஆற்றங்கரை ஊரின்மேல் தள்ளிவைத்துவிட்டுத்தான் கிளாஸ்களை எடுத்துக் கொடுத்தார். அந்த ஊர்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தோரு மாநிலங்கள் இருந்தன. தலைவர் அறிக்கையை ஒப்படைத்துப் பேசினார். "நாடு உடையுமாங்கற கேள்விக்கு எங்க பதில் இதுதான். ஏற்கெனவே இவ்வளவு துண்டா இருக்கறதை யாரும் உடைக்க முடியாது."

அதே நாள் மாலை ஏழு சாசர் வந்து சேர்ந்தன. ஆணையம் கலைந்துவிட்டதால் அவற்றை நாற்பத்தோரு மாநிலங்களுக்கும் பங்கிட வேண்டியிருந்தது. அதை ஆராய அதே தலைவரின்கீழ் ஒரு குழு அமைத்தார்கள். ஆறு மாதம் கெடு.

ஒன்றாம் தேதி மாநிலங்கள் பிறந்தன. நான்காம் தேதி பேத்தி பிறந்தாள். தாயும் தகப்பனும் ஒரே மாநிலம், ஒரே வீடு. பஸ் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை போனது. மாப்பிள்ளை போனில் சொன்னபோது பியூன் தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தார். மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு மணி நேரத்தில் பஸ் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு தடுப்புக் கட்டையும் ஒரு காவலரும் இருந்தார்கள்.

"இந்த மாநிலத்துக்கு வாசல் கிடையாதுங்க" என்றார் காவலர். "மத்ததெல்லாம் கோடு அங்கங்க விட்டிருக்கும், அந்த வழியா தாராளமா போகலாம். இது ஒண்ணுதான் எல்லை ஒரு இடத்துலயும் விடாம வந்திருக்கு. யாரோ ரொம்ப நுணுக்கமாப் போட்டிருக்காங்க. அனுமதிச் சீட்டு இருந்தா வாங்க."

அக்கறையில்லாமல் வைத்த கிளாஸ் வாசல் விட்டிருந்தது. பார்த்துப் பார்த்து வைத்த கிளாஸ் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. திரும்பிவரும் பஸ்ஸில் மனைவி குழந்தைச் சட்டைகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடு போட்டவனைத் திரும்பவும் ஆதியோடந்தமாகச் சபித்தாள். பியூன் கேட்டுக்கொண்டு வந்தார்.

அனுமதிச் சீட்டு அலுவலகம் பழைய ஆணையக் கட்டடத்திலேயே இருந்தது, வரைபட அறையில். பியூன் ஆறு வாரம் அலைந்தார். பேத்தி என்பதற்குச் சான்று, தாத்தா என்பதற்குச் சான்று, பார்க்க ஆசை இருக்கிறது என்பதற்கு இரண்டு பேர் சாட்சி. கடைசியில் எல்லாத் தாளும் சேர்ந்த நாளில் மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். மேஜைக்குப் பின்னால் பழைய செயலாளர், இப்போது அனுமதி அதிகாரி. விண்ணப்பத்தைக் கடைசி வரை படித்து, முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்திருந்த பியூன் அம்மா டீயுடன் வந்தாள். மேஜையில் இடமில்லை. கிளாஸை விண்ணப்பத்தின்மேல் வைத்தாள்.

அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை எடுத்தார். வளையம் விழுந்திருந்தது.

முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "உன் பேரு உள்ள விழுந்திருக்கு" என்றார். "கையெழுத்து வெளிய நிக்குது. ரெண்டும் ஒரே அதிகாரத்துக்குக் கீழ வருதான்னு தெரியல. இதை மேலிடத்துக்கு அனுப்பித்தான்..."

பியூன் தோளில் கிடந்த துணியை எடுத்தார்.

"யோவ், தொடாதே."

பியூன் தொட்டார். வளையத்தின்மேல் துணியை வைத்து ஒரே இழுப்பு இழுத்தார். ஈரம் காயவில்லை, முழுசாக வந்துவிட்டது. தாளில் பெயரும் கையெழுத்தும் மட்டும் இருந்தன.

"என்னய்யா பண்ணினே?"

"டீ கொட்டியிருந்துச்சுங்க ஐயா. துடைச்சேன்."

அதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வரைபடத்துக்கு விதி இருந்தது, விண்ணப்பத்துக்கு இல்லை. காய்ந்த குறிக்கு விதி இருந்தது, ஈரத்துக்கு இல்லை. நான்கு பக்கம் முன்னே போனார், ஆறு பக்கம் பின்னே வந்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இங்க ஒரு எல்லை இருந்துச்சே" என்றார்.

"இல்லைங்க ஐயா."

வேறு வழி தெரியாமல் அதிகாரி முத்திரையைக் குத்திக் கொடுத்தார். பியூன் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி பையோடு எழுந்து நின்றாள்.

"என்னங்க சொன்னாங்க? ஏன் கண்ணு கலங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்ல, வா. குடுத்துட்டாங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவர் அந்த ஈரத் துணியை எடுத்து ஒரு தரம் பார்த்தார். ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. இந்தத் துணி அன்றைக்கும் அவர் தோளில்தான் கிடந்தது.